காசு கொடுத்து வாங்கிய ஓவர்டைம்

பகலெல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனியில் புரோகிராம் எழுதிவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து பொழுதுபோக்குக்காகப் புரோகிராம் எழுதுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நானும் அதில் ஒருவன். பகல் வேலைக்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ராத்திரி வேலைக்கு நான் பணம் கட்டுகிறேன். இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று என் மனைவி ஒருநாள் விசாரணை வைத்தாள்.

"ஆபீஸ்ல என்ன பண்றீங்க?"

"கோடிங்."

"இப்ப என்ன பண்றீங்க?"

"இதுவும் கோடிங்தான். ஆனா இது கேம்."

"சுடறது, ஓடறது, குதிக்கிறது ஏதாவது இருக்கா?"

"மேலேருந்து ஒரு நம்பர் வரும். அதை வாங்கிக் கீழே அனுப்பணும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. யாராவது போனில் என்னைக் கேட்டால், "ராத்திரியும் வேலை பார்க்கிறார், பாவம்" என்று சொல்கிறாள். பொய் ஒன்றும் இல்லை.

இந்த வியாதியைப் பரப்பியதில் முக்கியமானவர் ஸாக் பார்த் என்ற அமெரிக்கர். அவர் நடத்திவந்த ஸ்டூடியோவின் பெயர் ஸாக்ட்ரானிக்ஸ். சர்க்யூட் கட்டுவது, கருவிகளை வரிசையாகக் கோர்ப்பது, புரோகிராம் எழுதுவது என்று மூளையைக் கசக்கும் இந்த ரகத்துக்கே இன்று 'ஸாக்லைக்' என்று பெயர் நிலைத்துவிட்டது. 2009-ல் அவர் இன்ஃபினிமைனர் என்று ஒரு கேம் செய்தார். கட்டம் கட்டமான உலகத்தில் தோண்டலாம், கட்டலாம். அதைப் பார்த்துப் பிறந்ததுதான் மைன்கிராஃப்ட். மைன்கிராஃப்டை உருவாக்கிய கம்பெனியை 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மறு வருஷம் நம்ம பார்த் என்ன வெளியிட்டார் தெரியுமா? அசெம்பிளி மொழியில் புரோகிராம் எழுதும் கேம். இந்த மனுஷரை எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அந்த கேமின் பெயர் டிஐஎஸ்-100. கதைப்படி, ராண்டி மாமா காலமாகிவிட்டார். அவர் நோண்டிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரை டோரிஸ் அத்தை நம் தலையில் கட்டுகிறார். மாமா சொத்து என்றால் நிலம், நகை என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றம். கூடவே ஒரு மேனுவல் உண்டு. ஓரங்களில் மாமா கையால் எழுதிய குறிப்புகளோடு, தனியாகப் படிக்க வேண்டிய பிடிஎஃப். ஆட்டத்துக்குள் சொல்லிக்கொடுக்க யாரும் வரமாட்டார்கள். மேனுவலைப் படி, இல்லாவிட்டால் ஜன்னலை மூடு, அவ்வளவுதான்.

இயந்திரத்துக்குள் 12 கட்டங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி குட்டிக் கம்ப்யூட்டர். சிலது பழுது, அதில் கை வைக்க முடியாது. ஒரு கட்டத்தில் 15 வரிக்கு மேல் எழுத இடமில்லை. எண்கள் மைனஸ் 999-லிருந்து 999 வரைதான். ஞாபகம் வைத்துக்கொள்ள ஏசிசி, பிஏகே என்று இரண்டே இடம். ஏசிசி என்றால் சிமென்ட் இல்லை, கணக்குப் போடும் இடம். பிஏகே அதைவிட மோசம். அதிலிருப்பதை நேராக எடுத்துப் பார்க்கவே முடியாது. ஏசிசியில் இருப்பதை அங்கே பிரதி எடுத்து வைக்கலாம், அல்லது இரண்டையும் இடம் மாற்றலாம்.

இந்த வசதியோடு இரண்டு எண்களைப் பெருக்கச் சொல்வார்கள். பெருக்கல் கட்டளையே கிடையாது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒன்றாம் வகுப்புப் பையன் ஒப்பிப்பதை, ஏழை எட்டு தடவை கூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை கூட்டிய தொகை ஓர் இடத்தில் இருக்கணும். இன்னும் எத்தனை தடவை பாக்கி என்பது ஓர் இடத்தில் இருக்கணும். அந்த ஏழும் எங்காவது இருக்கணும். எண்கள் மூன்று, இடம் இரண்டு. ஆகவே பக்கத்துக் கட்டத்தைப் பிடித்து, "இந்த ஏழைக் கொஞ்சம் வைத்துக்கொள், கேட்கும்போதெல்லாம் கொடு" என்று ஒப்பந்தம் போட வேண்டும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஒரு கட்டம் எண்ணை நீட்டினால், பக்கத்துக் கட்டம் வாங்கிக்கொள்ளும்வரை நீட்டியபடியே நிற்கும். இரண்டு கட்டங்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று நீட்டினால் போச்சு. ஹோட்டல் கல்லாவில் இரண்டு மச்சான்கள் "நான் குடுக்கிறேன்", "அட, நான் குடுக்கிறேன்" என்று ஆளுக்கொரு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல. யாரும் வாங்கத் தயாரில்லை, யாரும் கையை மடக்கவும் தயாரில்லை. கல்லாவிலாவது முதலாளி தலையிட்டு ஒருவரிடம் வாங்கிக்கொள்வார். இங்கே உலகம் முடியும்வரை நிற்பார்கள். மொத்த இயந்திரமும் அந்த மரியாதையில் உறைந்துபோகும்.

மேனுவலில் இல்லாத ஒரு கட்டளையும் உள்ளே ஒளிந்திருக்கிறது: ஹெச்சிஎஃப். 'நில், தீப்பிடி' என்று அர்த்தம். பழைய எஞ்சினியர்கள், ஓட்டினால் கம்ப்யூட்டர் அப்படியே தொங்கிவிடும் கட்டளைகளுக்கு வைத்த செல்லப்பெயர் அது. மோட்டோரோலாவின் 6800 சிப்பில் ஆவணத்தில் சொல்லாத அப்படிப்பட்ட கட்டளைகள் நிஜமாகவே இருந்தன. ஆபீஸ் கீபோர்டில் அப்படியொரு பட்டன் இருந்தால் தேவலை என்று திங்கட்கிழமை காலைகளில் தோன்றும்.

அடுத்த வருஷமே ஷென்ஜென் ஐ/ஓ வந்தது. இதில் நமக்கு நிஜ உத்தியோகமே தந்துவிடுகிறார்கள். சீனாவின் ஷென்ஜென் நகரத்தில், எலெக்ட்ரானிக் சாமான் செய்யும் கம்பெனியில், எஞ்சினியர் பதவி. மேனுவல் 30 பக்கத்தைத் தாண்டும், அதிலும் சில பக்கங்கள் சீன மொழியில். ஒன்பது வரி எழுத இடமுள்ள சிப் மூன்று யுவான், பதினான்கு வரியுள்ளது ஐந்து யுவான். முதல் வேலையாகச் செய்யச் சொல்வது என்ன தெரியுமா? போலி கண்காணிப்பு கேமரா. எதையும் படம் பிடிக்காது, விளக்கு மட்டும் கண்சிமிட்டும். திருடன் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். வேலை செய்யாத ஒரு பொருளைப் பிழையில்லாமல் வேலை செய்ய வைப்பதற்கு நான் பட்ட பாட்டை எந்த அப்ரைசலிலும் எழுத முடியாது.

இதெல்லாம் நேற்று முளைத்த பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வாரன் ராபினெட் என்று ஒருவர். அடாரியில் அட்வெஞ்சர் கேமை எழுதியவர். புரோகிராமர்களின் பெயரைப் போடும் வழக்கம் அந்தக் கம்பெனிக்கு அப்போது கிடையாது. அவர் கேமுக்குள் ரகசிய அறை ஒன்றைக் கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டார். பிறகு 1982-ல் அவர் கொண்டுவந்ததுதான் ராக்கீஸ் பூட்ஸ். அண்ட், ஆர், நாட் என்ற லாஜிக் கேட்டுகளை ஒயரால் இணைத்துச் சரியான வடிவத்தை மட்டும் உதைக்கவிடும் குழந்தைகள் கேம். ஆபீஸில் மனம் நொந்தவர்கள் சர்க்யூட் பக்கம் ஒதுங்குவது பழைய மரபு.

ஆபீஸில் செய்யும் அதே வேலையை வீட்டில் ஏன் காசு கொடுத்துச் செய்ய வேண்டும்? நான் கண்டுபிடித்த பதில் இதுதான்: இந்த கேம்களில் ரிக்வயர்மென்ட் மாறாது. பெருக்கச் சொன்னால் பெருக்கல்தான். பதினோராவது வரியில் இருக்கும்போது, "கிளையன்ட் பேசினார், இப்போ வகுத்தல் வேணுமாம், ஆனா பெருக்கலும் இருக்கட்டும்" என்று யாரும் சொல்வதில்லை. ஷென்ஜென் கம்பெனியிலும் மெயில் வரும், சக ஊழியர்கள் வம்பளப்பார்கள். ஆனால் வேலை என்னவென்று ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். "சின்ன சேஞ்ச்தான்" என்ற சொற்றொடர் அந்த மேனுவலில் எங்குமே இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். இந்த நிம்மதிக்குக் காசு கொடுக்கலாம்.

அந்த நிம்மதிக்கும் பார்த் ஒரு வேட்டு வைத்திருக்கிறார். புரோகிராம் சரியாக ஓடி முடிந்ததும் மூன்று வரைபடங்கள் வரும். எத்தனை சுற்றில் முடித்தாய், எத்தனை கட்டம் செலவழித்தாய், எத்தனை வரி எழுதினாய் என்று உலகத்தில் விளையாடிய எல்லோருடைய கணக்கும் மலைபோல எழுந்து நிற்கும். அதில் நீ இங்கே இருக்கிறாய் என்று ஒரு கோடு. பாஸா ஃபெயிலா என்ற பேச்சே இல்லை, நீ பாஸ்தான். அடுத்த புதிருக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மலையின் இடது அடிவாரத்தில், என்னைவிட நாலு வரி குறைவாக எழுதிய எவனோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் யார், எந்த ஊர் என்று தெரியாது. அவன் இருக்கிறான் என்பது தெரிந்த பிறகு தூக்கம் எங்கே வரும்?

ஆபீஸில் மேலாளர் "இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுமா பாருங்க" என்றால், அதற்கு எத்தனை நாள் ஆகும், யாருடைய அனுமதி வேண்டும் என்று மூன்று மெயில் போட்டு ஆறப்போடுவேன். இங்கே மேலாளரே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நானே பிரித்துப் போட்டு, கடைசி பஸ் போன பிறகும் உட்கார்ந்து ஒரு வரியைக் குறைக்கிறேன். குறைத்ததும், இன்னொன்றும் குறையுமே என்று எனக்கு நானே சொல்கிறேன். காலக்கெடு வைக்கிறேன், திட்டுகிறேன், காபி இடைவேளையைக் குறைக்கிறேன். இவ்வளவு கல்நெஞ்சக்கார மேலாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸில் செல்ஃப் அப்ரைசல் படிவம் வரும். 'உங்கள் பலம் என்ன?' என்று ஒரு கட்டம் இருக்கும். யாரும் கேட்காமலே, சம்பளமும் வாங்காமல், நன்றாக ஓடும் ஒன்றை மேலும் நன்றாக ஓடவைக்க ராத்திரி முழுக்க உட்காருவேன் என்பதுதான் உண்மையான பதில். அதை மட்டும் இன்றுவரை நான் எழுதியதில்லை. எழுதினால் நம்பிவிடுவார்கள்.