கடன் வாங்காத கணக்கு

கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் எதிர்ம எண்ணைக் கடன் என்றும் நேர்ம எண்ணைச் செல்வம் என்றும் வைத்துக்கொண்டு விதிகள் எழுதிவிட்டார். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் வரும் என்பது அவற்றில் ஒன்று. (கந்துவட்டிக்காரரிடம் சொல்லிப் பார்க்க வேண்டாம்.)

ஆயிரம் வருடம் கழித்தும் ஐரோப்பாவில் பலருக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. 1758-இல் பிரான்சிஸ் மசேரஸ் என்ற ஆங்கிலேயர், கழித்தல் குறியை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்று ஒரு புத்தகமே போட்டார். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கலாம். அதற்குமேல் போனால் அது உளறல். மனிதர் தொழிலால் வழக்கறிஞர். பிற்பாடு அவருக்குக் கிடைத்த பதவி, வரவு செலவுப் பாக்கிகளை விசாரிக்கும் அரசுக் கருவூல நீதிமன்றத்தில்!

அவர் கட்சியில் சேர்ந்த வில்லியம் பிரெண்ட், எதிர்ம எண்ணே தலைகாட்டாத இயற்கணித நூலை 1796-இல் வெளியிட்டார். பிறகு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் காப்பீட்டுக் கணிப்பாளரானார். நஷ்டத்தை எப்படி எழுதினாரோ!

அவருக்கு மருமகனாக வாய்த்தவர் தர்க்க மேதை டி மார்கன். ஒரு தந்தைக்கு வயது 56, மகனுக்கு 29. தந்தையின் வயது எப்போது மகன் வயதைப்போல் இருமடங்காகும் என்று 1831-இல் ஒரு கணக்குப் போட்டார். விடை: கழித்தல் 2 வருடம். அபத்தம் என்று சொல்லி, கேள்வியை ‘எத்தனை வருடத்துக்கு முன்பு’ என்று மாற்றச் சொன்னார். மாற்றியதும் விடை மரியாதையாக 2 ஆகிவிட்டது.