காட்டில் ஏனம் யார் கழுவுவது?

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களுக்கு மூன்று ஆசைகளில் ஒன்று வந்தே தீரும். சர்க்கரை நோயை நாட்டு மருந்தில் ஒழித்துக்கட்டுவது, குலதெய்வம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடத்துவது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்த் தனியாக இருப்பது. என் அத்தானுக்கு மூன்றும் வந்தன. முதல் இரண்டும் செலவோடு போயின. மூன்றாவது இன்னும் போகவில்லை.

அத்தான் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வீடு அம்பாசமுத்திரத்தில். மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். அதுதான் வினை. சென்னையில் குடியிருந்தால் பெசன்ட் நகர் கடற்கரையில் அரைமணி நேரம் நடந்ததும் ஆசை அடங்கியிருக்கும். இங்கே சாயங்காலமானால் மலை வந்து கூப்பிடுகிறது.

மலை கூப்பிட்டது பாதி, டிஸ்கவரி தமிழ் கூப்பிட்டது மீதி. பியர் கிரில்ஸ் என்ற அந்த மனிதர் யானைச் சாணத்தைப் பிழிந்து அதில் சொட்டும் தண்ணீரை வாயில் விட்டுக்கொள்ளும் காட்சியை அத்தான் பக்தியோடு பார்ப்பார். சாம்பாரில் கத்திரிக்காய் லேசாகக் கசந்தால் தட்டைத் தள்ளிவைப்பவரும் இதே அத்தான்தான். 2020இல் ரஜினி இதே கிரில்ஸோடு பந்திப்பூர் காட்டுக்குள் போனதை ஒளிபரப்பினார்கள். அன்று புலிகளின் பாதுகாப்பைப் பற்றி எங்கள் தெருவில் கவலைப்பட்டார்கள். அத்தான் மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் துறையில் 'மூன்றின் கணக்கு' என்று ஒன்று உண்டு. காற்றில்லாமல் 3 நிமிடம், கொடும் குளிரிலோ வெயிலிலோ ஒதுங்க இடமில்லாமல் 3 மணி நேரம், தண்ணீரில்லாமல் 3 நாள், சாப்பாடில்லாமல் 3 வாரம். மனிதன் அதற்கு மேல் தாங்குவது கஷ்டம். ஆளுக்கு ஆள் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் அவசரங்களின் வரிசை இதுதான். அத்தானுக்கு இது மனப்பாடம். காபி இல்லாமல் 3 நாழிகை என்று அக்கா ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

வரிசையில் சாப்பாடு கடைசி என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சியிலோ அதுதான் முதல். ஒருவர் கூரை வேய்ந்துவிட்டு அதற்கடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் விளம்பரம் கிடைக்காது. பாம்பைச் சுட்டுத் தின்றால் கிடைக்கும்.

அத்தான் ஆன்லைனில் வரவழைத்த சாமான்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பதினோரு வேலை செய்யும் கத்தி, தலையில் மாட்டும் டார்ச், ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி உறிஞ்சும் குழல், உரசினால் பொறி பறக்கும் கம்பி. ஒருநாள் மாடியில் தேங்காய் நாரைக் குவித்து, அந்தக் கம்பியை உரசி, தீ மூட்டியே விட்டார். பாராட்ட வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் கையில் தண்ணீர் வாளியோடு வந்தார்.

நினைத்த மாத்திரத்தில் போய்விட முடியாது என்பது வேறு விஷயம். அந்த மலை 1988 முதல் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். எனவே தனிமை தேடிப் போகிறவர் முதலில் செக்போஸ்டில் ஆதார் அட்டையோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தலைமுறை தலைமுறையாக அதே மலையில் வாழும் காணிக்காரர்களைக் கேட்கலாம். அவர்கள் குடும்பம் குடும்பமாகத்தான் இருக்கிறார்கள். காட்டை உள்ளபடி அறிந்த எவரும் அங்கே தனியாக இருக்க ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆசை வருவதற்குக் கொஞ்சம் வங்கி அனுபவம் வேண்டும்.

அக்கா இந்தத் திட்டத்தை எதிர்க்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "போகட்டும்ல. அங்க ஏனம் யாரு கழுவுவா?"

அத்தான் இதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டார். எனக்கோ இது ஆராய்ச்சிக் கேள்வியாகப் பட்டது. வனாந்தரத்தில் பிழைத்தவர்கள் கதைகளை அதற்குப் பிறகு இந்தக் கேள்வியோடுதான் படித்தேன். பல கதைகள் பதில் சொல்லாமல் நழுவிவிடுகின்றன. நழுவாமல் பதில் சொல்பவர் அலெக்சாண்டர் செல்கிர்க். ராபின்சன் குரூசோ கதைக்கு வித்து என்று சொல்லப்படும் ஸ்காட்லாந்து மாலுமி.

லோயர் லார்கோ என்ற கடலோர ஊரில் தோல் பதனிட்டுச் செருப்புத் தைப்பவரின் மகன். மூக்குக்கு மேல் கோபம். 1701இல் உடன்பிறந்தவர் கொண்டுவந்த உப்புத் தண்ணீரைத் தெரியாமல் குடித்துவிட்டார், பார்த்தவர் சிரித்துவிட்டார். அடிதடியில் வீடே ரெண்டுபட்டு, தேவாலயச் சபை கூப்பிட்டு விசாரித்தது. உப்புக்காகக் கை நீட்டிய இந்த மனிதருக்கு விதி என்ன வைத்திருந்தது என்பது போகப் போகத் தெரியும்.

1704 அக்டோபர். சிலி நாட்டுக் கரையிலிருந்து 600 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கடலில், ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்று. 'சிங்க் போர்ட்ஸ்' என்ற கப்பலைப் புழு அரித்துவிட்டது, இதில் இனி ஏற மாட்டேன், என்னை இங்கேயே இறக்கிவிடு என்று கேப்டன் ஸ்ட்ராட்லிங்கோடு செல்கிர்க் சண்டை போட்டார். வீட்டில் 'நான் போறேன்' என்று செருப்பை மாட்டுகிறவன் யாராவது கையைப் பிடித்து நிறுத்துவார்கள் என்ற தைரியத்தில்தானே மாட்டுகிறான்? கேப்டன் நிறுத்தவில்லை. மூட்டையோடு இறக்கிவிட்டார். படகு திரும்பியதும் செல்கிர்க்குக்கு மனம் மாறிவிட்டது, கூப்பிட்டுப் பார்த்தார். கேப்டன் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்.

கையில் துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்து, கோடரி, கத்தி, படுக்கை, உடுப்பு, பைபிள், ஒரு சட்டி. இங்கே நிறுத்தி அத்தானின் பெட்டியை நினைத்துப் பார்த்தேன். அதில் சட்டி இல்லை.

முதல் எட்டு மாதம் மனச்சோர்வு ஆளைத் தின்றது. பிறகு வீட்டு வேலை ஆரம்பமாயிற்று. வேலை ஆரம்பமானதும் ஆளும் தேறினார். மரத்தால் இரண்டு குடிசை கட்டி, புல் வேய்ந்து, உள்ளே ஆட்டுத்தோல் அடித்தார். சின்னது சமைக்க, பெரியது படுக்க. தனியாக அடுக்களை வைத்துக் கட்டியதைப் பார்க்கும்போது இவருக்கு விவரம் போதாது என்று சொல்ல முடியவில்லை. வெடிமருந்து தீரும் நிலை வந்தபோது குச்சியோடு குச்சியைக் கடைந்து தீ உண்டாக்கினார். உடுப்பு கிழிந்ததும் ஆட்டுத்தோலில் சட்டையும் தொப்பியும். ஊசி கிடையாது, ஓர் ஆணி. நூல் கிடையாது, தோலுக்குத் தோல் வார், துணிக்குப் பழைய காலுறையைப் பிரித்த கம்பளி இழை. கத்தி தேய்ந்து போனபோது கரையில் கிடந்த பீப்பாய் வளையத்தைத் தட்டித் தட்டிப் புதுக் கத்தி. செருப்புத் தைக்கும் வீட்டுப் பிள்ளை செருப்பில்லாமல் நடந்து பாதம் காய்த்துப்போனதுதான் பாக்கி.

இரவில் எலித் தொல்லை. முன்னால் வந்த கப்பல்களிலிருந்து இறங்கி, பெருகிப்போன எலிகள் தூங்கும் மனிதரின் காலைக் கடித்தன. அதே கப்பல்கள் விட்டுப்போன பூனைகளும் காட்டில் திரிந்தன. செல்கிர்க் பூனைகளுக்கு ஆட்டிறைச்சி போட்டுப் பழக்கினார். கொஞ்ச நாளில் நூற்றுக்கணக்கில் பூனைகள் சுற்றிப் படுத்துக்கொண்டன, எலி வாலைச் சுருட்டிக்கொண்டது. பொழுது போகாதபோது பூனைகளோடும் ஆட்டுக்குட்டிகளோடும் பாடி ஆடினாராம். கிரில்ஸ் நிகழ்ச்சியில் பூனைக்குச் சோறு வைக்கும் காட்சியை நான் பார்த்ததே இல்லை.

இப்போது உப்புக்கு வருவோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்; நாலு வருஷம் அந்தக் குப்பையைத் தின்று பார்த்த மனிதர் இவர். மீன் ஏராளம். ஆனால் உப்பில்லாத மீன் அவர் வயிற்றைக் கலக்கியது. பெரிய பெரிய நண்டினங்களையும் ஆட்டிறைச்சியையும் வேகவைத்து, ஆட்டு ரசம் வைத்துக் குடித்துச் சமாளித்தார். தீவில் மிளகு மாதிரி ஒன்று விளைந்தது. வாயுவுக்கும் வயிற்று வலிக்கும் நல்லது என்று குறிப்பு இருக்கிறது. பசிபிக் நடுவில் உட்கார்ந்து வாயுவுக்கு மிளகு தின்ற ஒரு மனிதரை எனக்கு அந்நியராக நினைக்கத் தோன்றவில்லை.

ஆட்டைச் சுடுவதை நிறுத்தி ஓடிப் பிடிக்கத் தொடங்கினார். ஒருமுறை ஆட்டைத் துரத்திக்கொண்டு போய், புதர் மறைத்த பள்ளத்தில் அதோடு சேர்ந்து விழுந்தார். கண் விழித்தபோது ஒரு நாள் போயிருந்தது. ஆடு அடியில் செத்துக் கிடந்தது. கொன்றவை 500, பிடித்துக் காதில் அடையாளம் போட்டு விட்டவை கிட்டத்தட்ட அதே அளவு என்று கணக்கும் வைத்திருந்தார். இந்த இடத்தைச் சொன்னபோதுதான் அத்தானுக்கு அவர்மேல் உண்மையான மரியாதை வந்தது.

"லெட்ஜர் போட்டிருக்காம் பாரு மாப்ள!"

நடுவில் விருந்தாளிகளும் வந்தார்கள், ஸ்பானியர்கள். பகை நாட்டுக்காரர்கள். பார்த்ததும் சுட்டார்கள். செல்கிர்க் காட்டுக்குள் ஓடி ஒரு மரத்தில் ஏறிக்கொண்டார். துரத்தி வந்தவர்கள் சரியாக அந்த மரத்தடியில் நின்று சிறுநீர் கழித்து, பக்கத்திலேயே சில ஆடுகளையும் கொன்று எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார்கள். வீரதீரம் என்று நாம் நினைக்கும் விஷயத்தில் இதைப் போலச் சத்தம் காட்டாமல் மேலே உட்கார்ந்திருப்பதும் நிறைய இருக்கும் போலிருக்கிறது.

1709 பிப்ரவரியில் வுட்ஸ் ரோஜர்ஸ் என்பவரின் இங்கிலாந்துக் கப்பல்கள் வந்து அவரை மீட்டன. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ரோஜர்ஸ் எழுதிவைத்ததுதான். வந்தவர்களில் பலர் ஸ்கர்வி நோயில் படுத்துக் கிடந்தார்கள். ஆட்டுத்தோல் உடுத்திய இந்த மனிதர் தினமும் ஆடு பிடித்து, கீரை பறித்துக் கொடுத்து அவர்களைத் தேற்றினார். பல நூறு காவதம் கடந்து வந்து காப்பாற்றியவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் தொலைந்துபோனவர். ரோஜர்ஸ் அவரைத் தீவின் கவர்னர் என்றே அழைத்தார். சாராயம் நீட்டினார்கள், தொட மறுத்துவிட்டார். பேச்சுதான் வரவில்லை. பழக்கம் விட்டுப்போனதால் சொற்களைப் பாதி பாதியாக விழுங்கினார்.

இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். அவர் ஏற மறுத்த அந்தக் கப்பல், அவர் சொன்னபடியே, பிறகு மூழ்கிப்போனது. தப்பியவர்கள் ஸ்பானியர்களிடம் சிறைப்பட்டார்கள். 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லும் தகுதி மனித வரலாற்றில் இவ்வளவு முழுமையாக யாருக்கும் கிடைத்திருக்காது. கிடைத்த நேரத்தில் பேச்சு போய்விட்டது.

1719இல் டேனியல் டிஃபோ குரூசோவை எழுதினார். கதை பாதிக்கு மேல் போனதும் ஃப்ரைடே என்ற ஆளைத் துணைக்குக் கொடுத்துவிட்டார். எத்தனை பக்கம்தான் கதாநாயகனே எல்லா வேலையும் செய்வது என்று இரக்கம் வந்திருக்கும். 1966இல் சிலி அரசு செல்கிர்க் வாழ்ந்த தீவுக்கு ராபின்சன் குரூசோ தீவு என்று பெயர் வைத்தது. செல்கிர்க் பெயர் தள்ளியிருக்கும் இன்னொரு தீவுக்குப் போயிற்று. ஆட்டை உரித்தவர் ஒருவர், பெயர் வாங்கியவர் ஒருவர். வீட்டு வேலைக்கு உலகம் கொடுக்கும் கூலி எங்கேயும் ஒரே ரேட்தான்.

அதே தீவில் செல்கிர்க்குக்கு முன்பே ஒருவர் தனியாக இருந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ இனத்தவர். கப்பல்காரர்கள் அவரை வில் என்று அழைத்தார்கள். 1681இல் அவர் ஆடு தேடிக் காட்டுக்குள் போயிருந்த நேரம் ஸ்பானியக் கப்பல்கள் தென்பட, கூட வந்த கடற்கொள்ளையர்கள் அவரை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கையில் துப்பாக்கியும் கத்தியும்தான். குண்டும் மருந்தும் தீர்ந்ததும் கத்தியில் பல் வெட்டி ரம்பமாக்கி, துப்பாக்கிக் குழலை அறுத்து, தீயில் காய்ச்சித் தட்டி, ஈட்டியும் தூண்டில் முள்ளும் செய்துகொண்டார். மூன்று ஆண்டுக்குப் பிறகு, 1684இல், ஆங்கிலக் கப்பல் ஒன்று அங்கே வந்தது. அதில் இருந்த வில்லியம் டாம்பியர் எழுதியிருக்கிறார்: வில் முந்தின நாளே கப்பலைப் பார்த்துவிட்டார். நம்மவர்கள்தான் என்று கணித்து, காலையில் மூன்று ஆடுகளை அடித்து, தீவில் வளரும் ஒரு பனையின் குருத்தைக் கூடச் சேர்த்துச் சமைத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் சாப்பிடட்டும் என்று கரையில் காத்திருந்தார்.

இதை நான் அத்தானுக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா வாழைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏல, விருந்தாளி வருமுன்ன மூணு ஆட்டை உரிச்சு, குருத்தும் போட்டு ஆக்கி வெச்சானா? இப்பேர்ப்பட்ட ஆளையா விட்டுட்டுப் போனானுவ?"

அத்தான் ஒன்றும் பேசவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போனார். கழுவத்தான் போகிறார் என்று நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏட்டி, டிகாஷன் மிச்சம் இருக்கா?"