நாஞ்சில் மருதத்தில் மின்தேர்த் தேர்வு: ஓர் ஆய்வு

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் இரண்டு கார்கள். ஒன்று, மெர்சிடிஸ் பென்ஸ் இக்யூஎஸ் 580. புனே அருகே சாக்கனில் பாகங்கள் பூட்டி உருவாக்கப்பட்டு, 2022 செப்டம்பரில் 1.55 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் சந்தைக்கு வந்தது. மற்றது, பிஎம்டபிள்யூ ஐ7. முழு வண்டியாகவே கப்பலேறி வந்து, 2023 ஜனவரியில் 1.95 கோடிக்கு நின்றது. இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. இரண்டும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். இரண்டையும் ஆய்வாளர் வாங்கப்போவதில்லை. நடுநிலை காக்க இந்தத் தகுதி பெரிதும் உதவியது.

இப்பொருளில் முன்னாய்வுகள் ஏராளம். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், பனியில் சறுக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கோட்டாறு கடைத்தெருவில் வெங்காய லாரி சரக்கிறக்கிக்கொண்டிருக்கும்போது இவற்றை நுழைத்துப் பார்த்தவர் எவருமில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம்.

ஆய்வு நெறிக்கு மேல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. முதல், கரு, உரி என்று தொல்காப்பியர் வகுத்துத் தந்த பாகுபாடே போதும். நாஞ்சில் நாடு வயலும் வயல் சார்ந்த நிலமும், ஆகவே மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். எனவே நாகர்கோவிலில் வீட்டுக்குள் சண்டை வராமல் கார் வாங்க முடியாது என்பது நிலத்தின் இயல்பேயன்றி ஆட்களின் குற்றமன்று. கீழே வரும் தலைவனும் தலைவியும் அகத்திணை மரபுப்படி பெயர் சுட்டப்படாதவர்கள், கற்பனை மாந்தர்கள். தலைவனிடம் ரப்பர் தோட்டம் உண்டு. தலைவியிடம் கணக்கு உண்டு. தலைவன் பென்ஸ் கட்சி, தலைவி பிஎம்டபிள்யூ.

தலைவனின் முதல் வாதம் தூரம். இக்யூஎஸ் ஒரு சார்ஜில் 857 கிலோமீட்டர் ஓடும், ஐ7 அதிகபட்சம் 625. நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். ஆகவே பென்ஸில் போனால் சென்னையைத் தாண்டியும் போகலாம். ஐ7இல் போனால் மதுராந்தகம் ஏரிக்கரையில் இறங்கிக் காற்று வாங்கலாம். வாதம் வலிமையானதாகத் தோன்றும். ஆனால் 857 என்பது இந்தியச் சோதனை முறையில் வந்த எண், 625 ஐரோப்பிய முறையில் வந்தது. ஒரு வீட்டு நெல்லைக் குவித்து அளந்துவிட்டு, அடுத்த வீட்டு நெல்லைத் தலைதட்டி அளந்து, எவன் வயலில் விளைச்சல் கூடுதல் என்று கேட்பதற்கு ஒப்பான பிழை இது. அதே ஐரோப்பிய முறையில் அளந்தால் இக்யூஎஸ்ஸுக்கும் 676தான். அதாவது தாம்பரம். மதுராந்தகத்துக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட வேறுபாட்டுக்காக ஒரு குடும்பம் இரண்டுபட வேண்டுமா என்பது தனி ஆய்வுக்குரியது. மேலும், சென்னைக்குப் போக வேண்டிய நாகர்கோவில்காரர் 2024 ஆகஸ்ட் 31 முதல் வந்தே பாரத்தில் ஏறிப் போய்விடுகிறார். அதுவும் மின்சார வண்டிதான், சார்ஜ் ஏற்றும் பொறுப்பு நமக்கில்லை.

தலைவியின் வாதத்தில்தான் ஆய்வு சூடு பிடிக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஐ7 பேட்டரியின் பயன்படு கொள்ளளவு 101.7 யூனிட், இக்யூஎஸ்ஸினுடையது 107.8. "நூறு யூனிட்டு ஃப்ரீயாக்கும். இது நூத்தி ஒண்ணே முக்கால்ல நெறைஞ்சிரும், மத்தது நூத்தி எட்டு கேக்கும். எது லாபம்னு நீங்களே சொல்லுங்கோ."

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு முறைதான் சார்ஜ் ஏற்றுவார்கள் என்ற எடுகோள் இதனுள் இருக்கிறது. அது தவறான எடுகோளன்று: இவ்வளவு விலை கொடுத்த வண்டியை நம்மூரில் பெரும்பாலும் உறை போட்டுப் போர்ட்டிகோவில்தான் நிறுத்திவைப்பார்கள். அப்படியானால் மிக்சியும் மின்விசிறியும் எந்தக் கணக்கில் ஓடும் என்று கடாவின், அது வேறு தலைப்பு என்பது விடை. சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் தலைவி சேர்க்கவில்லை. ஊடலில் அதெல்லாம் சேர்ப்பதில்லை.

இனி கணக்கு. இரண்டுக்கும் வேறுபாடு 6.1 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு மிச்சம் 61 ரூபாய், ஆண்டுக்கு 366 ரூபாய். ஐ7க்காகக் கூடுதலாகக் கொடுத்த 40 லட்சம் இவ்வாறு திரும்பி வர ஏறக்குறைய 10,929 ஆண்டுகள் ஆகும். ஐ7 பேட்டரிக்கு உத்தரவாதம் 8 ஆண்டு. தொல்காப்பியத்துக்கே அவ்வளவு வயதில்லை என்பதைத் தலைவன் சுட்டிக்காட்டினான்.

தலைவி அசரவில்லை. 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 20 விழுக்காடு. மின்வாகனங்களுக்கோ 2023ஆம் ஆண்டுக் கொள்கை 2025 இறுதி வரை முழு விலக்குத் தந்தது. அந்தச் சலுகைக் காலத்தில் பென்ஸ் வாங்கினால் மிச்சம் 31 லட்சம், ஐ7 வாங்கினால் 39 லட்சம். விலை கூடக் கூட மிச்சமும் கூடுகிறது! இதற்கு மறுமொழி சொல்லத் தலைவனுக்கு வாய் எழவில்லை, ஆய்வாளருக்கும்தான். விரும்பியதை முதலில் முடிவு செய்துவிட்டு எண்களைப் பிறகு வேலைக்கு அமர்த்துகிறவர்கள் வாதத்தில் தோற்பதே இல்லை. தலைவனின் 857உம் அவ்வாறு வேலைக்கு வந்ததுதான்.

அடுத்தது பானெட். ஆய்வாளர் கருத்தில் இதுவே மையச் சிக்கல். இக்யூஎஸ்ஸின் பானெட்டை உரிமையாளர் திறக்க முடியாது. சர்வீஸ்காரர்கள் மட்டுமே திறப்பார்கள். கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றக்கூட இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே ஒரு சிறு மூடி வைத்துவிட்டார்கள். ஸ்டுட்கார்ட்டில் இது நாகரிகமாக இருக்கலாம். நாகர்கோவிலில், நாகராஜா கோவில் வாசலில் தோவாளை மாலை சாத்தி, நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கி வண்டி வீடு வந்ததும் நடப்பது வேறு. பக்கத்து வீட்டு மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்.

"பானெட்டத் தொறடே, பாக்கட்டும்."

"தொறக்காது மாமா."

"அப்பம் ஒண்ணரைக் கோடிக்கு என்னத்தடே வாங்கினே?"

இந்தக் கேள்விக்கு நிறுவனக் கையேட்டில் விடை இல்லை. ஐ7இன் பானெட் திறக்கும். உள்ளே பார்க்க மூடிகளைத் தவிர ஏதுமில்லை. ஆயினும் மாமா இரண்டு நிமிடம் குனிந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் போவதற்கு அது போதும். இவ்வகையில் ஐ7 முந்துகிறது.

திரைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். இக்யூஎஸ்ஸின் முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடிப் பலகை, 56 அங்குலம். ஐ7இல் பின்னிருக்கைக்கு 31.3 அங்குலத் திரை கூரையிலிருந்து இறங்கும், 8கே துல்லியம். 8கேயில் எடுத்த தமிழ் சீரியல் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. திரை இறங்கினால் ஓட்டுநருக்குப் பின்பக்கம் மறைந்துவிடும். மாமியார் பின்னால் அமர்ந்திருக்கையில் அது குறையா நிறையா என்பது ஓட்டுபவரைப் பொறுத்தது.

அகலத்தில் ஐ7 1,950 மில்லிமீட்டர், இக்யூஎஸ் 1,926. இடைவெளி ஓர் அங்குலத்துக்கும் குறைவு. கோட்டாற்றில் இரண்டும் ஒரே லாரிக்குப் பின்னால்தான் நிற்கும். ஆனால் இக்யூஎஸ்ஸின் பின்சக்கரங்களும் 10 டிகிரி வரை திரும்பும் என்பதால் பின்வாங்கித் திரும்பிப் போக நினைப்பவருக்கு அது நல்லது. டிக்கியும் அதில்தான் பெரிது: 610 லிட்டர், ஐ7இல் 500. அந்த 110 லிட்டர் வேறுபாடு ஏத்தவாழைக் குலையில் எத்தனை என்று எந்த நிறுவனமும் அறிவிக்கவில்லை. காற்றைக் கிழிக்கும் திறனிலும் இக்யூஎஸ்தான் மேல். அதன் இழுவைக் கெழு 0.20, ஐ7க்கு 0.24. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நின்று காற்றைப் பிடித்துப் பிழைக்கும் நாட்டில், காற்றை நழுவவிடுவதை ஒரு பெருமையாகச் சொல்லலாமா?

மருதத்தில் ஊடல் தீர்க்கத் தலைவன் அனுப்பும் தூதர்களான வாயில்களில் ஒருவன் பாணன். இங்கே அவ்விடத்தில் திருவனந்தபுரத்து ஷோரூம் விற்பனைப் பிரதிநிதி வந்து நின்றார், கழுத்தில் டையுடன். மரபுப்படி தலைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மரபை மீறி ஒரு டீ மட்டும் கொடுத்தாள்.

ஆக, முடிபு: தானே ஓட்டுபவருக்கு இக்யூஎஸ், ஓட்டுநர் வைத்துப் பின்னால் அமர்பவருக்கும், பக்கத்து வீட்டில் மாமா இருப்பவருக்கும் ஐ7. டிக்கி பற்றிய பகுதி மட்டும் இன்னும் நிறைவடையவில்லை. மேற்படி கார்களில் ஏதேனும் ஒன்றை வைத்திருக்கும் அன்பர் நாகர்கோவில் வட்டாரத்தில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை வடசேரிச் சந்தைக்குக் கொண்டுவந்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். ஏத்தங்குலைகளை ஆய்வாளரே கொண்டுவருவார். கறை படாமலிருக்கச் சாக்கும் விரிக்கப்படும்.