உயிர் காலேஜும் ஒற்றைக் குழவியும்

எழுபதுகளில் நாங்கள் தாம்பரத்திலிருந்து கிளம்பும்போது, "பட்டணம் போய்ட்டு வரோம்" என்றுதான் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்போம். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. இருந்தும் பட்டணம் என்பது பார்க் ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது.

கோடை விடுமுறைக்கு ஒரு தடவை அப்பா கூட்டிப்போவார். மூர் மார்க்கெட் பக்கம் உயிர் காலேஜ், எழும்பூரில் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் மெட்ராஸ் ஜனங்கள் வைத்த பெயர்கள். பத்தாம் வகுப்பு தாண்டாத எங்கள் வீட்டில் எல்லோருமே இரண்டு காலேஜுக்குப் போனவர்கள். புலிக்கூண்டுக்கு எட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்து அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பாள். வாழையிலை வெந்து கறுத்திருக்கும். நல்லெண்ணெய் காகிதத்தில் இறங்கி, அதில் அச்சடித்திருந்த சினிமா விளம்பரம் சாதத்தின் அடியில் தெரியும். ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும் என்பார் அப்பா. கெடுவது மாதக் கடைசி என்பது எனக்குச் சம்பளம் வந்த பிறகு புரிந்தது.

போகிற வழியில் பல்லாவரத்தில் வண்டி நிற்கும். அங்கே பார்க்க ஏதாவது இருக்கும் என்று யாரும் ஜன்னலில் தலையை நீட்டியதில்லை.

1985-ல் உயிர் காலேஜை வண்டலூரில் திறந்தார்கள். புலியே எங்கள் பக்கம் குடிவந்துவிட்டது. இப்போது ஞாயிறானால் பட்டணத்துக்காரர்கள் ஜிஎஸ்டி ரோட்டை அடைத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். நான் ஒரே ஒரு தடவை போனேன். பக்கத்துத் தெருப் புலிக்கு என்ன மரியாதை!

போன மாதம் பெங்களூரிலிருந்து அக்கா மகன் வந்தான், ஊர் பார்க்க. மெரினாவா என்றேன். "அதெல்லாம் எல்லாரும் பார்க்கிறது மாமா. நாம பல்லாவரம் போறோம்."

வெள்ளிக்கிழமை. ஐம்பது வருஷத் தாம்பரத்துக்காரன், அவன் போனைப் பார்த்து வழி தெரிந்துகொண்டு பின்னால் நடந்தேன். மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக் கோயில் அங்கே இருக்கிறது. பல காலமாக அது தர்கா. பல்லவனின் பட்டப்பெயர்கள் கல்லில் வெட்டியிருக்கின்றன. அதைவிட வயதான சங்கதி ஒன்றையும் அவனே சொன்னான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல்காரர் பல்லாவரத்துச் சரளையிலிருந்து ஒரு கல் கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. நான் சீசன் டிக்கெட் எடுத்துக் கடந்துபோன ஸ்டேஷன்!

அடுத்து வெள்ளிக்கிழமைச் சந்தை. பழைய மின்விசிறி, புறா, ரோஜாக்கன்று, செத்துப்போன கம்ப்யூட்டர். ஒரு தார்ப்பாய் மேல் குழவி கிடந்தது. அம்மியைக் காணோம். குழவி நடுவில் தேய்ந்து இடுப்பு விழுந்திருந்தது. யாரோ ஒருத்தி முப்பது வருஷமாவது மிளகாய் அரைத்திருப்பாள். முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினான். ஹாலில் வைக்கவாம். மிக்சி வந்த வருஷம் அம்மாவின் அம்மியை நான் வாசலில் போட்டதை அவனிடம் சொல்லவில்லை.

தாம்பரம் திரும்பியதும் பசித்தது. "தாம்பரத்துக்குன்னே ஒரு அயிட்டம் இருக்குமே மாமா?" தேடினோம். திண்டுக்கல் பிரியாணி, நெல்லை அல்வா, கும்பகோணம் டிகிரி காபி. தெற்கேயிருந்து வந்து இறங்கியவர்கள் அவரவர் ஊர்ப் பலகையை மாட்டியிருக்கிறார்கள். தாம்பரம் என்று ஒரு பலகைகூட இல்லை. கடைசியில் பக்கெட் பிரியாணி. நாலு பேருக்கானதை இரண்டு பேர் தின்றோம். வயிறு விஷயத்தில் அப்பா முழுப் பொய் சொல்லவில்லை.

"அந்தக் கல் கோடரி எங்க மாமா இருக்கு?"

ஃபூட்டின் சேகரிப்பை 1904-லேயே சென்னை அருங்காட்சியகம் வாங்கிவிட்டது. அதாவது, செத்த காலேஜ். மறுபடியும் மின்சார ரயில் ஏறி எழும்பூர் போனோம். கேட் பூட்டியிருந்தது.

நீங்கள் போவதானால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பல்லாவரத்தில் சந்தை கூடும் வெள்ளிக்கிழமைதான் மியூசியத்துக்கு வார விடுமுறை.