அழுதால் டாக்டரா?

கே: ஆபீஸ் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் அழுதேன். எனக்கு 'நெர்வஸ் பிரேக்டவுன்' வந்துவிட்டதா?
- கோவை வாசகி

ப: அந்தப் பெயரில் ஒரு வியாதி மருத்துவப் புத்தகத்திலேயே இல்லை. 'ஈரக்குலை நடுங்கிப்போச்சு' என்று பாட்டி சொல்வதைப் போல அது பேச்சுவழக்கு. உள்ளே மனச்சோர்வு இருக்கலாம், பதற்ற நோய் இருக்கலாம், வெறும் மேனேஜரும் இருக்கலாம். மேனேஜர் என்றால் முகம் கழுவினால் பாதி தீரும். ஆனால் இரண்டு வாரமாக, அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டு கிடக்கிறது, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டு வேலை ஓடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

கே: மனநல டாக்டர் தைராய்டு டெஸ்ட் எழுதித் தருகிறாரே, கமிஷனா?
- சேலம் வாசகர்

ப: சந்தேகப்பட வேண்டாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், ரத்தசோகை வந்தாலும், பி12 இறங்கினாலும் ஆள் சுருண்டு படுத்துவிடுவார். பி12 குறைவுக்கு நாம் பூர்வஜென்மப் பாவம் வரை போய்வருகிறோம்!

கே: திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தே போவேன் என்று தோன்றியது. ஈசிஜி எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்கிறார்கள்.
- கரூர் வாசகர்

ப: இதயத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அது 'பேனிக் அட்டாக்' ஆக இருக்கலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். சிகிச்சை உண்டு. நீங்கள் முதலில் ஈசிஜி எடுத்ததுதான் சரி. நெஞ்சுவலியை 'டென்ஷன்தான்' என்று தானாக முடிவுகட்டுவது ஆபத்து.

கே: தம்பி நாலு ராத்திரியாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டார் தன்னைக் கொல்லத் திட்டமிடுவதாகப் பேசுகிறான். மந்திரிக்கச் சொல்கிறார்கள்.
- தேனி வாசகி

ப: இதற்கு இரண்டு வாரக் கணக்கு கிடையாது. இன்றே ஆஸ்பத்திரி. பிள்ளை பெற்ற சில நாளில் ஒரு பெண் இப்படித் தூக்கமற்றுப் பிதற்றினாலும் அதே அவசரம்தான். சாமி கும்பிடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. கட்டிப்போட மட்டும் சம்மதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

கே: 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று ஊர் சிரிக்காதா?
- மதுரை வாசகர்

ப: கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியின் தொடக்கம் 1794. அதைக் கேலி செய்த சினிமா அதற்கு நூறு வருஷம் இளையது. நீங்கள் கீழ்ப்பாக்கம் வரைகூடப் போக வேண்டாம், மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

கே: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனோ? பத்து நாளாகியும் குணம் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்.
- தஞ்சை வாசகர்

ப: தஞ்சாவூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? நாற்று நட்ட பத்தாம் நாள் அரிவாளோடு வயலுக்குப் போவீர்களா? மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பழக்கமாகிவிடக்கூடியது தூக்க மாத்திரை. அதைத்தான் பலர் சீட்டே இல்லாமல் மெடிக்கலில் கேட்கிறார்கள். எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தாதீர்கள்.

கே: நண்பன் 'இருந்து என்ன பிரயோஜனம்' என்றே பேசுகிறான். தற்கொலை எண்ணமா என்று கேட்டால் நானே தூண்டியதாகிவிடுமோ?
- விழுப்புரம் வாசகர்

ப: ஆகாது. நேராகவே கேளுங்கள். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்கு மூச்சுவிட இடம் தரும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணமில்லை, ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். என் பதிலுக்காக இத்தனை நாள் காத்திருந்ததே தப்பு. பத்திரிகையை மூடிவைத்துவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்புங்கள்.