பழைய ஹப், புதிய ரிம்: பழவேற்காட்டு மறுபிறவிக் கோட்பாடு

பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுக்கு வரும் ஆய்வாளர்கள், டச்சுக்காரரின் கல்லறைகளையும் 1613இல் எழும்பிய கெல்டிரியா கோட்டையின் மிச்சத்தையும் அளந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மீன்கூடை கட்டிய சைக்கிளின் பின்சக்கரத்தை எவரும் அளந்ததில்லை. அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கருதுகோள்

உப்பு ரிம்மைத் தின்னும், ஹப்பைத் தின்னாது. கூடையில் ஐஸ் கரைந்து சொட்டும் நீர் ரிம்மில் விழ, நிப்பிள் துளைகளைச் சுற்றித் துரு பூக்கிறது. போக்ஸ் கம்பிகள் வளைவில் ஒவ்வொன்றாக அறுகின்றன. ஹப்போ உள்ளே கிரீஸில் ஊறிச் சுகமாக இருக்கிறது. ஆகவே சக்கரம் அழியும் உடல். ஹப், கூடு விட்டுக் கூடு பாயும் உயிர்.

2. மறுப்பு

பௌத்தர் இதை ஏற்கார். அச்சும் சக்கரமும் தனித்தனியே தேர் ஆகா என்று மிலிந்த மன்னனை மடக்கியவர் நாகசேனர். மீன்காரர் கட்சி வேறு: "பிரிச்சுப் போட்டாலும் அது என் வண்டிதான், சாயங்காலம் வேணும்." இதற்கு நாகசேனரிடம் பதில் இல்லை.

3. மறுபிறவிக்குத் தகுதி

ஹப்புக்குள் இருக்கும் கோனில் குழி விழுந்தால் கோனை மாற்றலாம். பால்ரஸ் குண்டுகளையும் மாற்றலாம். கப்பிலேயே குழி என்றால் அந்த ஹப்புக்கு மோட்சம்தான். கம்பித் துளை நீண்டிருந்தாலும், அத்துளைகள் உள்ள தட்டில் விரிசல் கண்டாலும் அதே கதி. பழைய மரபில் முன்ஹப்புக்கு 32 கம்பி, பின்ஹப்புக்கு 40. ரிம்மின் துளைகளும் அதற்கு ஒத்திருக்க வேண்டும்.

4. ஊழ்

பழைய கம்பி ஹப்பின் தட்டில் அழுத்திய தடம் மறையாது. புதுக் கம்பியும் அத்தடத்திலேயே கிடக்க வேண்டும். திசை மாற்றிப் பின்னினால் துளையின் மறுபக்கத்திலும் தடம் விழுந்து தட்டு பலவீனப்படும். முற்பிறவியின் வினை இது. ரிம் மாறினாலும் தீராது.

5. பாசம்

துருவேறிய பிரீவீல் ஹப்பை லேசில் விடாது. அதைக் கழற்றாமல் வலப்பக்கக் கம்பிகளைக் கோக்கவும் வழியில்லை. சைவ சித்தாந்திகள் பாசம் என்றது இதைத்தானோ என இவ்வாய்வாளர் ஐயுறுகிறார். மண்ணெண்ணெய், பொறுமை, சுத்தியல் என்பது பற்றறுக்கும் வரிசை.

6. முடிவு

வண்டியை விற்பவர் புது ரிம்மைக் காட்டி விலையை ஏற்றுகிறார். வாங்குபவர் பழைய ஹப்பைக் காட்டிக் குறைக்கிறார். அடுத்த வருஷம் வாங்கியவரே விற்கும்போது ரிம்மின் கட்சிக்குத் தாவுகிறார். ஆகவே சக்கரம் பழையதா, புதியதா என்பது தத்துவக் கேள்வி அன்று; பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது.