நத்தையா, சாளக்கிராமமா?

கேள்வி: காரை கிராமத்துப் பக்கம் கிடைத்த கல்லில் சுருளாக ஒரு பள்ளம். நத்தை என்கிறார் என் கணவர். சாளக்கிராமம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
– வாசகி, பெரம்பலூர்

பதில்: மாமியார்தான் கிட்டத்தில் வந்திருக்கிறார்! நேபாளத்துக் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் சுருண்டிருப்பது அம்மோனைட் என்னும் கடலுயிரின் புதைபடிவம். காரைப் பகுதி பெயர் பெற்றதும் அதற்குத்தான். கணவருக்கும் ஆறுதல் உண்டு: நத்தையும் அம்மோனைட்டும் மெல்லுடலிகளே. ஆனாலும் அம்மோனைட்டுக்கு நெருங்கிய உறவு கணவாய் மீன்தான்.

தீர்ப்பைக் கல்லே சொல்லும். சுருள் கொசுவர்த்தி மாதிரி ஒரே தளத்தில் சுற்றியிருந்தால் அம்மோனைட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. நடுப்பகுதி ஒரு பக்கமாகக் கூம்பி நின்றால் நத்தைக் கட்சி. உங்களிடம் இருப்பது ஓட்டின் பதிவு என்பதால் எல்லாமே தலைகீழ்: ஓட்டில் மேடாக இருந்த வரிகள் இங்கே பள்ளம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை மெதுவாக அழுத்தி எடுங்கள். அசல் உருவம் கைக்கு வரும். ஓட்டுக்குள் சேறு நிரம்பி இறுகிய கல் கிடைத்தால் இன்னும் விசேஷம். வளைந்து நெளியும் கோடுகள் அதில் தெரியும். உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. நத்தைக்கு அந்தக் கோடுகள் கிடையாது.

அம்மோனைட் என்றால் வயது 6.6 கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. டைனோசர்கள் அழிந்த காலத்தில் இவையும் அழிந்தன. உங்கள் கல்லில் பதிந்த உயிர் வாழ்ந்தபோது உங்கள் ஊர்ப் பக்கம் கடல்!

ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், உளியால் தட்டாதீர்கள். எடுத்த இடத்தை எழுதிவையுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படமெடுத்து, புவியியல் துறை உள்ள கல்லூரியில் காட்டுங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள்.